பூஜ்யத்துக்குப் பக்கத்து வேகம்: ராக் கிராலருக்கு ஸ்பீட் கன்ட்ரோலர் தேர்ந்தெடுப்பது

ரிமோட் கார்களில் ராக் கிராலர் தனி இனம். பந்தயக் கார் ஒரு சுற்றை எத்தனை நொடியில் முடிக்கிறது என்று பார்ப்பார்கள். கிராலரில் பார்ப்பது வேறு: பாறையின் விளிம்பில் முன்சக்கரம் பிடிமானம் தேடும்போது வண்டி எவ்வளவு நிதானமாக நகர்கிறது, பின்னால் சரியாமல் எப்படி நிற்கிறது. மெத்தென்ற பெரிய டயர்கள், இடதும் வலதும் சேர்ந்தே சுழலும்படி பூட்டிய அச்சுகள், மோட்டாரின் வேகத்தைப் பல மடங்கு குறைக்கும் கியர்கள் என்று அந்த வண்டியின் ஒவ்வோர் உறுப்பும் மெதுவாகப் போவதற்கென்றே செய்யப்பட்டிருக்கிறது. அதற்கு ஸ்பீட் கன்ட்ரோலர் வாங்கப் போகிறவர் கண்ணில் முதலில் படுவதோ, பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட ஆம்பியர் எண்.

அந்த எண்ணை வைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் பணம் வீணாகும் முதல் வழி என்பது என் உறுதியான கருத்து. கிராலருக்கான கன்ட்ரோலரை மூன்று இடங்களில் எடைபோட வேண்டும். த்ராட்டிலின் முதல் சில சதவீதத்தில் மோட்டாரை எப்படிச் சுழற்றுகிறது? த்ராட்டிலை விட்டபின் வண்டியை எப்படிப் பிடித்து நிறுத்துகிறது? ஸ்டியரிங் சர்வோவுக்கு எவ்வளவு மின்சாரம் தருகிறது? மற்ற விவரங்கள் எல்லாம் இவற்றுக்கு அடுத்தபடிதான்.

ஏன் முதல் சில சதவீதம் என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். பரவலாக ஓடும் 1.9 அங்குல வகை கிராலரில் டயரின் குறுக்களவு சுமார் 12 சென்டிமீட்டர் இருக்கும்; சுற்றளவு ஏறத்தாழ 38 சென்டிமீட்டர். மோட்டார் 40 முறை சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழலும் என்று வைத்துக்கொள்வோம். 1200 கேவி மோட்டாரும் (கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) 11.1 வோல்ட் தரும் 3எஸ் (மூன்று செல்) லைப்போ பேட்டரியும் இருந்தால், முழு த்ராட்டிலில் மோட்டார் நிமிடத்துக்கு 13,320 சுற்றும் சக்கரம் 333 சுற்றும் சுழலும். அது மணிக்கு ஏழரை கிலோமீட்டர், வேகமாக நடக்கிற மனிதரின் நடை. ஆனால் பாறையில் ஏறும்போது வண்டி நொடிக்கு 5 சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும். அப்போது சக்கரம் நிமிடத்துக்கு எட்டு முறைதான் சுழல்கிறது. மோட்டார் சுமார் 320 சுற்று. முழு வேகத்தில் அது இரண்டரை சதவீதம்கூட இல்லை. அந்த வேகத்தில் மோட்டார் தனக்குள் உண்டாக்கும் எதிர் மின்னழுத்தம் கால் வோல்ட் அளவுதான். கிராலரின் வாழ்க்கை முழுவதும் இந்தச் சிறு இடத்தில்தான் நடக்கிறது.

இந்த இடத்தைக் கையாளும் கருவி நெடுநாள் இல்லாமலே இருந்தது. 1980களின் ரிமோட் கார்களில் வேகத்தைக் கட்டுப்படுத்தியது ஒரு சர்வோ. அது ஒரு கையைத் தள்ளி, தாமிரத் தகடுகளின் மேல் இரண்டு மூன்று படிகளாக நகர்த்தும். வேண்டாத சக்தி ரெசிஸ்டரில் சூடாக வெளியேறும். மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்கள் வந்தபின் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுத்து வேகத்தைச் சீராக மாற்ற முடிந்தது. ஆனாலும் அவை பந்தயத்துக்காகச் செய்தவை. அமெரிக்காவில் 2000களின் தொடக்கத்தில் கிராலிங் தனி விளையாட்டாக உருவெடுத்தபோது, ஆர்வலர்கள் டாமியாவின் 1987ஆம் ஆண்டு கிளாட் பஸ்டர், டி.எல்.டி.1 போன்ற வண்டிகளின் அச்சுகளை எடுத்துத் தாங்களே சட்டம் கட்டினார்கள்; கன்ட்ரோலரும் கிடைத்ததைப் பொருத்தினார்கள். 2007இல் ஆக்ஸியல் நிறுவனத்தின் ஏ.எக்ஸ்.10 ஸ்கார்ப்பியன் வந்து இந்த விளையாட்டைக் கடைக்குக் கொண்டுவந்தது. அந்தக் காலத்தில் டெகின் நிறுவனத்தின் எஃப்.எக்ஸ்.ஆர். கிராலர்காரர்களின் விருப்பமாக இருந்தது. நோவாக் நிறுவனம் கோட் என்ற பெயரில் கிராலருக்கான பிரஷ்லெஸ் தொகுப்பையே விற்றது. அமெரிக்க ஆர்.சி. ராக் கிராலர் சங்கத்தின் போட்டி விதிகளில் குறைந்த புள்ளி எடுப்பவரே வெல்வார். ரிவர்ஸ் எடுத்தால் புள்ளி ஏறும், வண்டி கடக்க வேண்டிய வாயிலின் கம்பத்தைத் தொட்டால் இன்னும் ஏறும். ஒரு விரல் அகலம் கூடுதலாக நகர்ந்தாலே தண்டனை என்ற விதிதான் கன்ட்ரோலர் செய்பவர்களை மெதுவேகத்தின் பக்கம் திருப்பியது என்று நினைக்கிறேன்.

ஆம்பியர் எண் எதைச் சொல்கிறது?

ஹாபிவிங் நிறுவனத்தின் குவிக்ரன் 1060 கிராலர் உலகில் மிகப் பரவலான மலிவு கன்ட்ரோலர். அதன் விவரத்தில் தொடர் மின்னோட்டம் 60 ஆம்பியர், உச்சம் 360 ஆம்பியர் என்று இருக்கும். அதற்கு மேல்படியான 1080இல் 80, 400. இந்த உச்ச எண்கள் பாறையில் ஒருபோதும் வேலைக்கு வராதவை. பேட்டரி முனையில் நாம் போடும் எக்ஸ்டி60 இணைப்பி 60 ஆம்பியருக்கானது. அதன் வழியே 360 ஆம்பியர் நீடித்து ஓடாது. அது டிரான்சிஸ்டர்கள் கண்ணிமைக்கும் நேரம் தாங்கக்கூடிய அளவு.

உண்மையில் கிராலருக்குச் செலவாகும் மின்சாரம் மிகக் குறைவு. 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் கிராலர் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுவது சாதாரணம். அப்படியென்றால் சராசரி 5 ஆம்பியருக்கும் கீழே. சக்கரம் இரண்டு பாறைகளுக்கு நடுவே சிக்கி மோட்டார் சுழலாமல் நிற்கும்போதுதான் மின்னோட்டம் எகிறும். அப்போது அதைக் கட்டுப்படுத்துவது மோட்டார் சுற்றின் மின்தடை மட்டுமே. விரலை எடுக்காமல் முழு த்ராட்டிலில் அழுத்திக்கொண்டே இருந்தால் எந்தக் கன்ட்ரோலரும் கொதிக்கும். ஆம்பியர் தாங்குதிறன் என்பது இந்தச் சில நொடிகளுக்கான காப்பு. வண்டியின் திறமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆம்பியரை விடப் பயனுள்ள எண் அதே விவரத் தாளில் சற்றுக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும்: இந்தக் கன்ட்ரோலரோடு எத்தனை டர்ன் மோட்டார் வரை பொருத்தலாம் என்பது. 1060க்கு 2எஸ் பேட்டரியில் 12 டர்ன், 3எஸ்ஸில் 18 டர்ன். இதற்குக் குறைந்த டர்ன் மோட்டார் பொருந்தாது. பிரஷ் மோட்டாரில் கம்பிச் சுற்று குறையக் குறைய வேகமும் மின்னோட்டமும் கூடும். கிராலரில் போடுவது 35 அல்லது 55 டர்ன். ஆகவே இந்த எல்லைக்கு வெகு தூரத்தில்தான் இருப்போம். டிராக்ஸாஸின் டி.ஆர்.எக்ஸ்.4 போல 21 டர்ன் 550 அளவு மோட்டாரோடு வரும் வண்டிக்கு மட்டும் 3எஸ் போடும்போது இந்த வரியை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். சோதனைக்கூடத்தின் 25 டிகிரியில் தாங்குவது, மே மாதத்து வேலூர் வெயிலில் மூடிய பாடிக்குள் காற்றே படாமல் இருக்கும்போது அதே அளவு தாங்காது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நிற்பதுதான் கலை

டிராக் பிரேக் இல்லாத கன்ட்ரோலர் கிராலருக்கு உதவாது. த்ராட்டிலை விட்டதும் பந்தயக் கார் தன் உந்துதலில் உருண்டுகொண்டே போகும். கிராலர் அங்கேயே நிற்க வேண்டும். நாற்பது டிகிரி சரிவில் நின்று அடுத்த அடியை யோசிக்க அவகாசம் தருவது இந்தப் பிரேக்தான்.

அது இயங்கும் விதம் தெரிந்தால் தேர்வு எளிதாகிவிடும். பிரஷ் மோட்டாரில், த்ராட்டில் நடுவில் வந்ததும் கன்ட்ரோலர் மோட்டாரின் இரண்டு முனைகளையும் தன் டிரான்சிஸ்டர்கள் வழியே ஒன்றோடொன்று இணைத்துவிடுகிறது. வண்டி சரிவில் நகரப் பார்த்தால் மோட்டார் ஜெனரேட்டராக மாறும். அதிலிருந்து பிறக்கும் மின்சாரம் அந்தக் குறுக்கு வழியே ஓடி, தன்னைப் பிறப்பித்த சுழற்சியையே எதிர்க்கும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. சுழற்சி இருந்தால்தான் மின்சாரம். மின்சாரம் இருந்தால்தான் பிடிப்பு. முற்றிலும் நின்றுவிட்ட மோட்டாரில் இந்தப் பிரேக்குக்கு வலுவே இல்லை. அதனால்தான் நூறு சதவீத டிராக் பிரேக் வைத்த வண்டியும் செங்குத்தான சரிவில் நத்தை வேகத்தில் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். கன்ட்ரோலர் பழுதாகிவிட்டதோ என்று புதியவர்கள் பதறுவது இந்த இடத்தில்தான். மிதமான சரிவில் வண்டி அசையாமல் நிற்பதற்குக் காரணம், கரி பிரஷ்களின் உராய்வும் காந்தங்களின் இழுப்பும் கியர்களின் இறுக்கமும் சேர்ந்து மீதியைப் பிடித்துக்கொள்வது.

அந்த நத்தை வேகத்தை எது தீர்மானிக்கிறது? முதலில் கியர். மொத்தக் கியர் விகிதத்தை இரண்டு மடங்காக்கினால் சறுக்கும் வேகம் நான்கில் ஒரு பங்காகும். ஏனென்றால் வண்டியின் அதே வேகத்துக்கு மோட்டார் இரண்டு மடங்கு வேகமாகச் சுழன்று இரண்டு மடங்கு எதிர்விசையைப் பிறப்பிக்கிறது. அந்த விசை மீண்டும் இரண்டு மடங்காகிச் சக்கரத்துக்குப் போகிறது. டிராக் பிரேக் போதவில்லை என்று கன்ட்ரோலரை மாற்றுவதற்கு முன் பற்கள் குறைந்த பினியனை (மோட்டார் தண்டில் மாட்டும் சிறு கியர்) போட்டுப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். செலவும் மிகக் குறைவு.

அடுத்தது மோட்டார். டர்ன் கூடினால் பிடிப்பும் கூடும் என்ற நம்பிக்கை கிராலர்காரர்களிடம் வேரூன்றியிருக்கிறது. அதில் பாதிதான் உண்மை. அதே அளவு மோட்டாரில் சுற்றுகளை இரட்டித்தால் முறுக்குவிசை மாறிலி இரட்டிக்கும். ஆனால் அதே இடத்துக்குள் மெல்லிய கம்பியை நீளமாகச் சுற்ற வேண்டியிருப்பதால் மின்தடை நான்கு மடங்காகும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். டர்ன் கூடிய மோட்டார் சற்று நன்றாகப் பிடிப்பதாகத் தெரிவதற்குக் காரணம், கன்ட்ரோலர், ஒயர், பிரஷ் ஆகியவற்றின் மாறாத மின்தடை அங்கே சிறு பங்காகிவிடுவது. பிடிப்பைக் கணிசமாகக் கூட்ட வேண்டுமானால் காந்தம் வலுவாக வேண்டும், அல்லது 540க்குப் பதில் 550 போல மோட்டாரே பெரிதாக வேண்டும். கன்ட்ரோலரின் பங்கு, தன் உள் மின்தடையைக் குறைவாக வைத்துக்கொள்வது. கூடுதல் ஆம்பியர் கன்ட்ரோலரால் கிராலருக்குக் கிடைக்கும் நன்மை இந்த ஒன்றுதான் என்பேன்.

நல்ல கன்ட்ரோலரில் டிராக் பிரேக்கின் வலுவை மட்டுமல்ல, அது எவ்வளவு விரைவாகப் பிடிக்க வேண்டும் என்பதையும் மாற்றிக்கொள்ளலாம். கடுஞ்சரிவில் இறங்கும்போது த்ராட்டிலை விட்ட கணமே முழுப் பிரேக் விழுந்தால், நான்கு சக்கரமும் ஒரேயடியாகப் பூட்டிக்கொண்டு வண்டி மூக்கின் மேல் குட்டிக்கரணம் அடிக்கும். ஒரு கணம் தாமதித்து ஏறும் பிரேக் இதைத் தடுக்கும். போட்டி வண்டிக்கு உடனடிப் பிடிப்பு வேண்டும். காட்டுப்பாதையில் நண்பர்களோடு ஓட்டும் ஸ்கேல் வண்டிக்குச் சற்று மென்மையான பிடிப்பே இயல்பாக இருக்கும். ஜம்பரை நகர்த்திப் பேட்டரி வகையையும் ஓட்ட முறையையும் மட்டும் மாற்றக்கூடிய 1060க்கும், புரோகிராம் கார்டு வைத்துப் பிரேக்கைப் படிப்படியாக மாற்றக்கூடிய 1080க்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இதுதான். இருபது ஆம்பியர் கூடுதல் என்பது பெரிய விஷயமில்லை.

இதோடு சேர்ந்தது ரிவர்ஸ். பந்தயக் கார் கன்ட்ரோலரில் டிரிகரை ஒருமுறை தள்ளினால் பிரேக், விட்டு மறுமுறை தள்ளினால்தான் ரிவர்ஸ். பாறையில் வண்டி கவிழப் போகும் நொடியில் அந்த இரண்டாவது தள்ளலுக்கு நேரம் இருக்காது. கிராலர் முறையில் முன்னோக்கியதிலிருந்து நேராகப் பின்னோக்கிப் போக முடிய வேண்டும். இந்த வசதி இல்லாத கன்ட்ரோலரை விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தவிர்த்துவிடலாம்.

பிரஷ், பிரஷ்லெஸ், அதற்கும் அப்பால்

மெதுவேகத்தில் பிரஷ் மோட்டாருக்கு ஒரு பிறவி வரம் உண்டு. எந்தச் சுற்றுக்கு எப்போது மின்சாரம் போக வேண்டும் என்பதை அதன் கம்யூட்டேட்டரும் கரி பிரஷ்ஷுமே தீர்மானித்துவிடுகின்றன. கன்ட்ரோலர் எவ்வளவு என்று மட்டும் சொன்னால் போதும். எங்கே என்று சொல்ல வேண்டியதில்லை. நிமிடத்துக்கு ஒரே ஒரு சுற்று என்றாலும் அது தடுமாறாது. மூன்று துருவ ஆர்மச்சருக்குப் பதில் ஐந்து துருவ ஆர்மச்சர் போட்ட மோட்டாரில் சுழற்சி இன்னும் வழவழப்பாக இருக்கும். ஹோம்ஸ் ஹாபிஸ் போன்ற நிறுவனங்கள் கிராலருக்கென்றே மோட்டார் செய்து பெயர் வாங்கியிருக்கின்றன. தேய்வதும், தண்ணீரும் சேறும் புகுந்தால் பிரஷ் வேகமாகக் கரைவதும் இதன் குறைகள்.

பிரஷ்லெஸ்ஸில் அந்தத் தீர்மானம் கன்ட்ரோலரின் தலையில் விழுகிறது. சென்சார் இல்லாத வகையில், சுழலும் காந்தம் எங்கே இருக்கிறது என்பதை மோட்டாரின் எதிர் மின்னழுத்தத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டும். மேலே கணக்கிட்ட கால் வோல்ட்டை நினைத்துப் பாருங்கள். சுற்றிலும் இரைச்சல் நிறைந்த மின்சுற்றில் அவ்வளவு சிறிய அடையாளத்தைக் கொண்டு காந்தத்தின் இடத்தைக் கண்டுபிடிப்பது கடினம். நின்ற நிலையில் அந்த அடையாளமும் இல்லை. அதனால் மோட்டார் முன்னும் பின்னும் துடித்து, ஒரு துள்ளலோடுதான் கிளம்பும். பாறை விளிம்பில் அந்தத் துள்ளலே வண்டியை உருட்டிவிடும். சென்சார் இல்லாத சாதாரண பிரஷ்லெஸ் தொகுப்பு கிராலருக்கு வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன்.

சென்சார் உள்ள வகையில் மூன்று ஹால் சென்சார்கள் காந்தத்தின் இடத்தைக் கன்ட்ரோலருக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கும். காஸ்ல் நிறுவனத்தின் மாம்பா எக்ஸ் இந்த வகையில் நெடுநாள் மரியாதை பெற்றது. 6எஸ் வரை தாங்கும், பிரஷ் மோட்டாரையும் ஓட்டும், கணினியில் இணைத்து ஒவ்வோர் அமைப்பையும் திருத்தலாம். ஆனால் மூன்று சென்சார் சொல்வது மின்சுழற்சியின் 60 டிகிரிக்கு ஒரு தகவல்தான். மிகமிக மெதுவாகப் போகும்போது ஒவ்வொரு படியும் விரலுக்குத் தெரியும். மெல்லிய சென்சார் ஒயரில் சேறு புகுந்து தொடர்பு அறுந்தால், வண்டி பழைய துடிப்புக்கே திரும்பிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

இந்தப் படிகளை அழித்த முறையைக் கிராலர் உலகம் எஃப்.ஓ.சி. என்று சுருக்கமாகச் சொல்கிறது. தண்டின் கோணத்தை நுணுக்கமாக அளக்கும் சென்சாரை வைத்து, மூன்று சுற்றுகளிலும் மின்னோட்டத்தை அலைபோல ஏற்றி இறக்கி, எந்தக் கோணத்திலும் ஒரே அளவு முறுக்குவிசை கிடைக்கும்படி செய்வது இது. ஹாபிவிங்கின் ஏக்ஸ், ஃப்யூஷன் ஆகிய தொகுப்புகள் இதைச் சாதாரண ஆர்வலரின் கைக்குக் கொண்டுவந்தன. இவை சரிவில் நிற்கும் முறையே வேறு. காந்தத்தின் கோணம் நுணுக்கமாகத் தெரிவதால், வண்டி இம்மியளவு நகர்ந்தாலும் கன்ட்ரோலர் எதிர்த் திசையில் மின்சாரம் செலுத்தி அதே இடத்தில் பிடித்து வைக்கிறது. நத்தை நகர்வு கிட்டத்தட்ட இல்லாமலே போகிறது. விலையாகக் கொடுப்பது, நிற்கும்போதும் செலவாகும் பேட்டரியும் நின்ற இடத்திலேயே ஏறும் சூடும்.

ஃப்யூஷனில் கன்ட்ரோலரே 540 அளவு மோட்டாரின் உள்ளே அடங்கிவிடுகிறது. ஒயர் குறைவு, தண்ணீர் புகும் இடம் குறைவு, வண்டிக்குள் இடமும் மிச்சம். ஒன்று பழுதானால் இரண்டும் போகும் என்ற குறை உண்மைதான். ஏக்ஸ் தொகுப்பிலோ கன்ட்ரோலரும் மோட்டாரும் தனித்தனி என்றாலும் ஒன்றுக்கொன்று ஜோடியாகவே வேலை செய்யும். கையிலுள்ள வேறு மோட்டாரைப் பொருத்த முடியாது. இதையெல்லாம் எடைபோட்டும், பாறையின் மேல் எஃப்.ஓ.சி. தரும் கட்டுப்பாட்டைக் கையில் உணர்ந்தவர்கள் பழைய பிரஷ்லெஸ்ஸுக்குத் திரும்புவது அரிது.

சர்வோவின் பசி

கன்ட்ரோலர் பற்றிய பேச்சில் அதிகம் மறக்கப்படுவது பி.இ.சி. எனப்படும் பகுதி. பேட்டரியின் 7.4 அல்லது 11.1 வோல்ட்டைக் குறைத்து ரிசீவருக்கும் சர்வோவுக்கும் தருவது அதன் வேலை. பந்தயக் காரில் இது சின்ன வேலை. கிராலரில், பூட்டிய முன்அச்சையும் பெரிய டயரையும் பாறை இடுக்கில் வைத்துத் திருப்ப வேண்டியிருப்பதால் 25, 30 கிலோ முறுக்குவிசை கொண்ட சர்வோ போடுகிறோம். டயர் சிக்கி சர்வோ திணறும்போது அதுவொன்றே பல ஆம்பியர்களை உறிஞ்சும். டி.ஆர்.எக்ஸ்.4 போன்ற வண்டியில் ஸ்டியரிங் போக, முன்பின் டிஃபரன்ஷியல்களைப் பூட்டவும் கியர் மாற்றவும் தனித்தனிச் சிறு சர்வோக்கள் இருக்கின்றன. விளக்குகள், வின்ச் என்று சேர்த்தால் சுமை இன்னும் கூடும்.

பி.இ.சி. தாங்க முடியாமல் மின்னழுத்தம் சரிந்தால் ரிசீவர் ஒரு கணம் அணைந்து மீண்டும் விழிக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது ரேடியோ கோளாறு போலத் தெரியும். ஸ்டியரிங்கைக் கடைசி வரை திருப்பும்போது விளக்கு மங்குகிறதா, வண்டி ஒரு கணம் செத்து எழுகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் ரிமோட்டையோ மோட்டாரையோ சந்தேகிக்க வேண்டாம். சர்வோ பட்டினி கிடக்கிறது.

எனவே கன்ட்ரோலர் வாங்கும்போது கேட்க வேண்டியவை: பி.இ.சி. எத்தனை ஆம்பியர்? 6 வோல்ட்டா, 7.4 வோல்ட்டுக்கும் மாற்றலாமா? ஸ்விட்சிங் வகையா, பழைய லீனியர் வகையா? லீனியர் என்றால் 3எஸ் பேட்டரியோடு பயன்படுத்தவே கூடாது. 12.6 வோல்ட்டை 6 வோல்ட்டாக்கி 3 ஆம்பியர் கொடுத்தால் இருபது வாட்டுக்கு அருகில் வெறும் சூடாகவே போகும். அவ்வளவு சிறிய பெட்டியால் அதைத் தாங்க முடியாது.

பெரிய சர்வோவுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காஸ்லின் 10 ஆம்பியர் உச்சம் கொண்ட சி.சி. பெக் போலத் தனி பி.இ.சி. பொருத்துவது. இதைப் பொருத்தும்போது கன்ட்ரோலரிலிருந்து ரிசீவருக்குப் போகும் சிவப்பு ஒயரைக் கட்டாயம் கழற்றி இன்சுலேஷன் டேப் சுற்ற வேண்டும், இரண்டு பி.இ.சி.க்கள் ஒரே இடத்துக்கு மின்சாரம் தந்தால் ஒன்றோடொன்று மோதும். மற்றொன்று, பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கும் உயர் மின்னழுத்த சர்வோ. ரிசீவரிலிருந்து அதற்குச் சிக்னலும் கிரவுண்டும் மட்டும் போனால் போதும். அப்போது கன்ட்ரோலரின் பி.இ.சி. ரிசீவரை மட்டும் பார்த்துக்கொள்ளும்; மலிவான கன்ட்ரோலரே போதுமானதாகிவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வது இந்த இரண்டாவது வழியைத்தான்.

பேட்டரி விஷயம் சுருக்கமாக. லைப்போ செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெடும். அதற்கு முன்னால் மின்சாரத்தை நிறுத்துவது கன்ட்ரோலரின் பொறுப்பு. 2எஸ்ஸா 3எஸ்ஸா என்று தானாகவே கண்டுபிடிக்கும் அமைப்பில், ஏற்கெனவே நன்றாக வடிந்த 3எஸ் பேட்டரியைச் செருகினால் அதை 2எஸ் என்று எடுத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. கையால் செல் எண்ணிக்கையைப் பதித்துவிடக்கூடிய கன்ட்ரோலர் இருந்தால் அதையே எடுங்கள். தண்ணீர் காப்பு பற்றியும் ஒரு சொல்: ஓடைத் தண்ணீரைத் தாங்கும் பெட்டி கடல் தண்ணீரைத் தாங்கும் என்று நினைக்க வேண்டாம். உப்பு முதலில் இணைப்பியையும் ஸ்விட்சையும் தின்னும்.

எதை, யாருக்கு?

முதல் கிராலரைக் கட்டுகிறவருக்கு என் தேர்வு, 35 டர்ன் பிரஷ் மோட்டாரும் டிராக் பிரேக்கைக் கார்டு வழியே மாற்றக்கூடிய பிரஷ் கன்ட்ரோலரும். மிச்சமாகும் பணத்தை நல்ல சர்வோவிலும் டயரிலும் போடுங்கள். பாறையில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் அங்கிருந்துதான் வரும். ஏற்கெனவே ஒரு வருடம் ஓட்டியவர், நத்தை நகர்வும் மெதுவேகத் துடிப்பும் உறுத்தத் தொடங்கியவர், நேராக எஃப்.ஓ.சி.க்குப் போகலாம், இடையில் சாதாரண சென்சார் பிரஷ்லெஸ்ஸில் பணம் போடுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. 4எஸ்ஸுக்கு மேல் ஓட்டும் கனமான வண்டிகளுக்கும், பாறையோடு வேகத்தையும் விரும்பும் ராக் ரேசர் வகைக்கும் மட்டும் மாம்பா எக்ஸ் போன்றவை பொருந்தும்.

அச்சிலேயே மோட்டார் உட்கார்ந்திருக்கும் போட்டி வண்டிகள் தனி வழி. முன்னுக்கு ஒரு மோட்டார், பின்னுக்கு ஒரு மோட்டார் என்பதால் இரண்டு கன்ட்ரோலர்களை ரிமோட்டில் கலந்து, பின்சக்கரத்தை நிறுத்திவிட்டு முன்சக்கரத்தால் மட்டும் இழுத்துத் திரும்பலாம். இங்கே இரண்டும் ஒரே மாதிரி, ஒரே அமைப்போடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும்.

1/24 அளவுச் சின்ன வண்டிகளில், ஆக்ஸியலின் எஸ்.சி.எக்ஸ்.24 போன்றவற்றில், ரிசீவரும் கன்ட்ரோலரும் ஒரே பலகையில் வருகின்றன. அதை மாற்ற நினைப்பவர்களுக்கு ஃப்யூரிடெக்கின் லிசர்ட் போன்ற மிகச் சிறிய கன்ட்ரோலர்கள் உண்டு. கைபேசியிலிருந்தே அமைப்பை மாற்றலாம். சின்ன வண்டியில் எடை மிக முக்கியம் என்பதால், கன்ட்ரோலரை எங்கே வைக்கிறோம் என்பதே வண்டியின் சமநிலையை மாற்றிவிடும். முடிந்தவரை கீழேயும் முன்னாலேயும் வையுங்கள்.

வாங்கியபின் சோதிக்கும் வரிசையும் முக்கியம். முதலில் ரிமோட்டில் த்ராட்டிலின் டிரிம்மைப் பூஜ்யத்தில் வைத்து, முன், நடு, பின் என மூன்று நிலைகளையும் கன்ட்ரோலருக்குக் கற்றுக்கொடுங்கள். மெதுவேகத்தில் வரும் துடிப்பில் பாதி, இந்த நடுநிலை சரியாகப் பதியாததால் வருவதே. பிறகு சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, டிரிகரை மயிரிழை மயிரிழையாக அழுத்தி, எந்த இடத்தில் சக்கரம் அசைகிறது என்று பாருங்கள்; அசைவதற்கு முன் விரல் நெடுந்தூரம் போக வேண்டியிருந்தால் கன்ட்ரோலரின் நடு இடைவெளியைக் குறையுங்கள். அடுத்து ஒரு பலகையைச் சாய்த்து வண்டியை ஏற்றி, த்ராட்டிலை விட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை விரற்கடை இறங்குகிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். பினியன் மாற்றும்போதும் பிரேக் வேகத்தை மாற்றும்போதும் ஒப்பிட இந்தக் குறிதான் அளவுகோல். கடைசியாக முன்டயரை ஒரு கல்லோடு முட்டுக்கொடுத்து ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். ரிசீவரின் விளக்கு அசையாமல் எரிய வேண்டும். இவை முடிந்து பத்து நிமிடம் ஓட்டியபின் கன்ட்ரோலரைத் தொட்டுப் பாருங்கள். கை வைத்திருக்க முடியாத அளவு சூடு என்றால் முதலில் பற்கள் குறைந்த பினியனைப் போடுங்கள். அதற்குப் பிறகும் குறையவில்லை என்றால் மட்டும் பெரிய கன்ட்ரோலரைப் பற்றி யோசியுங்கள்.